மகசூல் கூடியும் கையில் பணம் நிற்கவில்லையே, ஏன்?: வாசகர் கேள்வி பதில்

சிறு விவசாயிகளின் வருமானம் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். இரண்டு எக்டேருக்கும் குறைவாகப் பயிரிடுவோரையே இங்கே சிறு விவசாயிகள் என்று குறிப்பிடுகிறேன். உலகிலுள்ள 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகளில் ஏறத்தாழ 84 சதவீதம் இவர்களுடையவை. விளைநிலத்தில் சுமார் 12 சதவீதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலக உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இவர்கள் விளைவிக்கிறார்கள். ஆகவே இவர்களுக்கு விவசாயம் தெரியவில்லை என்ற எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: ஐயா, பின்தங்கிய கிராமங்களில் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். நல்ல விதையும் பயிற்சியும் கொடுத்து மக்காச்சோள மகசூலை உயர்த்திவிட்டோம். ஆனால் ஆண்டு முடிவில் பார்த்தால் அந்தக் குடும்பங்களின் கடன் அப்படியே இருக்கிறது. எங்கே கோளாறு?

பதில்: மகசூல் உயர்ந்தால் வருமானமும் தானாக உயர்ந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளும் இடத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. களத்தில் குவிந்த தானியம் வீட்டுக்குப் பணமாக வந்து சேர்கிறதா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பணம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பது ஒன்று. நட்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது என்பது மற்றொன்று. இந்த இதழின் பதில்கள் பலவற்றிலும் நான் இந்த இரண்டையுமே திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்.

உங்கள் கிராமங்களில் முதலாவது விஷயம்தான் இடறுகிறது என்று நினைக்கிறேன். விதைப்புக்கு வாங்கிய கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தள்ளிப்போட்ட வைத்தியச் செலவு எல்லாம் அறுவடை நாளையே எதிர்பார்த்துக் காத்திருப்பதால், ஊரார் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விற்கிறார்கள். ஆண்டிலேயே விலை மிகக் குறைவாக இருக்கும் நேரமும் அதுதான். ஐந்தாறு மாதம் கழித்துக் குதிர் காலியானதும், தாங்கள் விற்ற அதே தானியத்தைக் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் அறுவடைக்கும் அடுத்து வரும் தட்டுப்பாட்டு மாதங்களுக்கும் இடையே மக்காச்சோள விலை 25 முதல் 40 சதவீதம் வரை ஏறுவது வழக்கம். கூடுதலாக விளைந்த மூட்டைகளும் அந்த மலிவு விலையில்தான் போகின்றன என்றால், உழைப்பின் பலன் வேறு யாருக்கோ போய்ச் சேர்கிறது.

கென்யாவின் மேற்குப் பகுதியில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. புதிய விதை, புதிய உரம் எதுவும் கொடுக்கவில்லை. அறுவடை முடிந்த கையோடு ஒரு சிறு கடன் மட்டும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தால் அவசரச் செலவுகளைச் சமாளித்துக்கொண்ட குடும்பங்கள், தானியத்தை வைத்திருந்து விலை ஏறிய பிறகு விற்றன. அவர்களுடைய வருவாய் கூடியது. ஒரே வட்டாரத்தில் பலர் கடன் பெற்ற இடங்களில் அறுவடைக் கால விலைச் சரிவே மட்டுப்பட்டது என்பது இதைவிட முக்கியம். அங்கே கடன் வாங்கியவரின் தனிப்பட்ட லாபம் குறைந்தது என்றாலும், கடன் வாங்காத அக்கம்பக்கத்தாருக்கும் நல்ல விலை கிடைத்தது.

எனவே அடுத்த பருவத்துக்கு விதை வாங்குவதற்கு முன், ஒரு பத்துக் குடும்பங்களோடு உட்கார்ந்து, எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது, எந்த மாதத்தில் எதற்குக் கடன் வாங்கினார்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். வெளிச் சந்தைக்கு வண்டி போக வழியில்லாத ஊரில் எல்லோருடைய மகசூலும் ஒரே ஆண்டில் கூடினால், உள்ளூர் விலை சரிந்து, சில சமயம் மொத்த வரவே குறைந்துவிடும். சோறு மலிந்துவிட்டது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை.

கேள்வி: வேளாண் விரிவாக்கப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் விவசாயிகள் பழைய முறையை விட மறுக்கிறார்கள். இந்த மனப்போக்கை மாற்றுவது எப்படி?

பதில்: மனப்போக்கை விட்டுவிட்டு அவர்களுடைய கணக்கைக் கேளுங்கள். மறுப்பவரோடு பொறுமையாகப் பேசினால், பெரும்பாலும் மறுக்க முடியாத ஒரு காரணம் வெளிவரும்.

செம்மை நெல் சாகுபடியின் கதையையே எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கரில் 1980-களின் தொடக்கத்தில் ஆன்றி த லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கிய முறை அது. பதினைந்து நாளுக்கு உட்பட்ட இளம் நாற்றை ஒற்றை நாற்றாக, சதுர இடைவெளியில் நட்டு, தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நிர்வகித்து, களைக்கருவியை அடிக்கடி ஓட்ட வேண்டும். விதையும் தண்ணீரும் குறைவாகவே தேவைப்படும்; மகசூல் கூடும். கைக்காசு பெரிதாகத் தேவைப்படாத முறை என்பதால் ஏழைகளே இதை முதலில் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டு ஏழை விவசாயிகளில் பலர் இதைத் தொடங்கவே இல்லை என்றும், தொடங்கியவர்களிலும் பலர் கைவிட்டுவிட்டார்கள் என்றும் கண்டது. இந்த முறை கூடுதல் உழைப்பைக் கேட்ட வாரங்கள், வீட்டில் தானியமும் காசும் தீர்ந்து, அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்த அதே வாரங்கள். சொந்த வயலில் கூடுதலாக நான்கு நாள் நின்றால் சில மாதம் கழித்து நெல் கிடைக்கும். அன்றிரவுக்கு எதுவும் கிடைக்காது. இதை அறியாமை என்று சொல்வது பெரிய அநியாயம்.

அடுத்தது நட்டம். நாம் சராசரி மகசூலைக் காட்டிப் பேசுகிறோம். அவரோ மிக மோசமான ஆண்டை மனத்தில் வைத்துக் கேட்கிறார். மழை பொய்த்த ஆண்டில், கடன் வாங்கி உரம் போட்டவர் பயிரோடு மாட்டையும் இழப்பார். உரம் போடாதவர் பயிரை மட்டும் இழப்பார். கானாவின் வடபகுதியில் சில விவசாயிகளுக்கு ரொக்கமும், சிலருக்கு மழைக் காப்பீடும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது. காப்பீடு பெற்றவர்கள், தேவையான பணத்தை எங்கிருந்தோ தாங்களே திரட்டி, சாகுபடிக்குக் கூடுதலாகச் செலவழித்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது பணப் பற்றாக்குறையைவிட நட்ட பயமே என்று அதிலிருந்து தெரிகிறது. ஒடிசாவில் ஏறத்தாழ இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் மீண்டு வரும் சுவர்ணா சப்-1 நெல் ரகத்தைப் பயிரிட்ட விவசாயிகளிடமும் இதே மாற்றம் தெரிந்தது. பயிர் முழுதாக அழிந்துபோகாது என்ற தைரியம் வந்ததும், அவர்கள் கூடுதல் பரப்பில் பயிரிட்டு, கூடுதலாக உரமிட்டு, நடவிலும் அதிகக் கவனம் செலுத்தினார்கள். மோசமான ஆண்டைத் தாங்கும்படி செய்த ரகம், நல்ல ஆண்டின் விளைச்சலையும் உயர்த்தியது.

ஆகவே நீங்கள் சிபாரிசு செய்யும் ஒவ்வொன்றையும் மழை பொய்த்த ஆண்டுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். முழு வயலையும் மாற்றச் சொல்லாமல் ஒரு மூலையில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்; அந்த மூலை தோற்றால் ஈடுகட்ட உங்கள் துறையில் வழி உண்டா என்று மேலதிகாரிகளிடம் கேளுங்கள். மழைக் காப்பீட்டைப் பரிந்துரைப்பதானால், மழைமானி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். மானி இருக்கும் இடத்தில் மழை பெய்து, வயல் இருக்கும் இடத்தில் பெய்யாமல் போனால், பிரீமியம் கட்டியவர் இழப்பீடு இல்லாமல் நிற்பார். அடுத்த ஆண்டு உங்கள் பேச்சை அந்த ஊரே கேட்காது.

கேள்வி: எங்களுடையது வறண்ட, இறுகிப்போன மானாவாரி நிலம். பாசனத்துக்கு வழியில்லை, கையில் முதலும் இல்லை. இப்படிப்பட்ட நிலத்தில் என்னதான் செய்ய முடியும்?

பதில்: பாலைவன ஓரத்து நாடுகளில் உங்களைவிடக் கடினமான நிலத்தில் வேலை செய்தவர்களின் அனுபவம் இருக்கிறது. புர்கினா பாசோவில் யகூபா சவடோகோ என்ற விவசாயி 1980-களில் ‘சாய்’ என்ற பழைய குழி முறையைச் செம்மைப்படுத்தினார். கோடையிலேயே, மண் கல்லைப் போல இருக்கும்போதே, ஒரு சாண் அகலமும் அதைவிடக் குறைந்த ஆழமும் உள்ள குழிகளை வரிசையாக வெட்டி, தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் குவித்து, ஒவ்வொரு குழியிலும் மக்கிய எருவைப் போட வேண்டும். எருவைத் தேடி வரும் கரையான்கள் குழியின் அடியில் துளைகளைக் குடைகின்றன. முதல் மழை பெய்ததும், இறுகிய மேற்பரப்பில் வழிந்தோடும் தண்ணீர் குழியில் தங்கி, அந்தத் துளைகள் வழியாக உள்ளே இறங்குகிறது. சோளத்தையோ கம்பையோ அந்தக் குழிக்குள்ளேயே விதைக்கிறார்கள். பயிர் எதுவும் வராது என்று கைவிட்ட நிலங்களில் இப்படி அறுவடை எடுத்திருக்கிறார்கள்.

உழைப்பு கடுமையானது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு எக்டேருக்குக் குழி வெட்ட ஏறத்தாழ 300 மணி நேரம் பிடிக்கும். ஆனால் அந்த உழைப்பு கூலி வேலை கிடைக்காத கோடை மாதங்களில் விழுகிறது. முன்பு சொன்ன மடகாஸ்கர் முறை தடுக்கி விழுந்த இடத்தை இது தாண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். முதல் ஆண்டில் கால் ஏக்கர் மட்டும் வெட்டிப் பாருங்கள்.

உரம் வாங்க முடிந்தால், வயல் முழுவதும் தூவாதீர்கள். விதைக் குழிக்குள் மூன்று விரலால் கிள்ளி எடுக்கும் அளவோ, ஒரு பாட்டில் மூடி அளவோ போட்டால் போதும் என்ற நுண்ணளவு உரமிடல் முறையை, பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் மேற்கு ஆப்பிரிக்காவில் பரப்பியிருக்கிறது. குறைந்த செலவு என்பதால், மழை பொய்த்தாலும் இழப்பு தாங்கக்கூடியதாக இருக்கும்.

வயலில் வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் உயிரோடு இருந்தால், அவற்றில் துளிர்க்கும் கிளைகளில் நல்லவற்றை விட்டு மற்றதைக் கழித்து வளர்த்தாலே போதும். கன்று நட வேண்டியதில்லை. நைஜரின் மராடிப் பகுதியில் 1980-களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் விவசாயிகளோடு சேர்ந்து தொடங்கிய இந்த முறை, பின்னர் அந்நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் எக்டேருக்குப் பரவியது. அங்கே முன்பு மரங்களெல்லாம் அரசின் சொத்தாகக் கருதப்பட்டன. என் வயலில் நிற்கும் மரம் எனக்கே என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் விவசாயிகள் அவற்றைக் காக்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: பயறை வைத்திருந்து விற்றால் விலை கிடைக்கும் என்று தெரியும். ஆனால் மூன்று மாதத்தில் வண்டு துளைத்துவிடுகிறது. மருந்து கலக்கவும் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, மருந்தே தேவையில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் கேமரூன் நாட்டு விவசாயிகளுக்காகத் தட்டைப்பயறை வைத்து உருவாக்கிய மூன்றடுக்குப் பை அது. கெட்டியான இரண்டு பாலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, அவற்றைச் சாதாரண நெய்த சாக்குக்குள் இறக்கியிருப்பார்கள். பயறை உள்பையில் அழுத்தி நிரப்பி, மேலே தேங்கும் காற்றைக் கையால் பிழிந்து வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். பிறகு நடுப்பையை அதே போலக் கட்டி, கடைசியாகச் சாக்கைக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் வண்டுகள் சில நாட்களிலேயே பையிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு, தின்பதையும் பெருகுவதையும் நிறுத்தி, உலர்ந்து சாகின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். பயறு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடித்துவிடும். அடிக்கடி பிரித்து எடுத்தால் ஒவ்வொரு தடவையும் புதுக் காற்று உள்ளே போய்விடும் என்பதால், வீட்டுத் தேவைக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை விழாதவரை அதே பையை அடுத்த பருவத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அறுவடை அன்றே கடன்காரர் வாசலில் நின்றால் எந்தப் பையும் உதவாது. முதல் கேள்விக்கான பதிலையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: கைபேசியில் விலை நிலவரம் அனுப்பினால் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்துவிடும் என்கிறார்களே?

பதில்: வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தவருக்குக் கிடைக்கும். கேரளத்தின் வட கடலோரத்தில் 1997 முதல் 2001 வரை கைபேசி பரவியபோது, மீனவர்கள் கடலிலிருந்தே விசாரித்து, விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். அவர்களுடைய லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. விற்காமல் வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமலே போனது. மகாராஷ்டிரத்தில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் விலை அனுப்பிய திட்டத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்விலோ, அவர்கள் பெற்ற விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. படகைப் போல விளைச்சலைத் திருப்பிவிட முடியாதவரும், முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே விற்க வேண்டியவரும் விலையைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்கள்?

கேள்வி: எங்கள் பகுதியில் உற்பத்தியாளர் குழு தொடங்கினோம். சங்கம் கூடுதல் விலை தருவதாகச் சொல்லியும், உறுப்பினர்களே வெளி வியாபாரியிடம் விற்றுவிடுகிறார்கள். கட்டுப்பாடு கொண்டுவருவது எப்படி?

பதில்: உங்கள் சங்கம் எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. வெளி வியாபாரி எடை போட்ட இடத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுப்பார். நடுவில் அவசரத்துக்குக் கடனும் தருவார். சங்கமோ சரக்கை விற்று, வாங்கியவரிடமிருந்து பணம் வந்த பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்துக் கொடுக்கும். மருத்துவச் செலவுக்குப் பணம் தேடும் ஒருவர் அந்த மூன்று வாரத்தைக் காத்திருக்க முடியாமல் வெளியே விற்றால், அதற்கு அபராதம் போடுவது குழுவை உடைக்கவே செய்யும்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-இல் தொடங்கிய பால் கூட்டுறவு நிலைத்ததற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது சங்க வாசலில் நாள்தோறும் நடப்பதுதான். பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவரின் கண்ணெதிரே பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையிலேயே பணம் கொடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஏமாற்றப்படுகிறோமோ என்ற சந்தேகத்துக்கும் பணத்துக்காகக் காத்திருக்கும் வேதனைக்கும் அங்கே இடம் குறைவு. பால் பெருகும் மாதங்களில் வாங்க மறுக்காமல் இருப்பதற்காக, எருமைப் பாலிலிருந்தே பால்பவுடர் தயாரிக்கும் தொழிற்சாலையை 1955-இல் தொடங்கினார்கள். விலை சரிவின் சுமையை உற்பத்தியாளர் தலையில் ஏற்றாமல் இருக்க அது உதவியது.

உங்கள் குழு, சரக்கு வந்த அன்றே மதிப்பில் பாதியையோ அதற்கு மேலோ கொடுக்கும் அளவுக்குச் சுழல்நிதி திரட்டட்டும். மீதியை விற்ற பிறகு கொடுக்கலாம். வங்கிக் கடனோ மானியமோ கேட்பதானால், கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் முன்பாக இதற்குக் கேளுங்கள். தரம் பிரிப்பதை அறைக்குள் வைத்துச் செய்யாமல், கொண்டுவந்தவர் பார்க்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: பயிற்சி முகாம்களுக்கு ஆண்களைத்தான் அழைக்கிறார்கள். வயலில் பாதிக்கு மேல் வேலை செய்யும் எங்களை யாரும் கேட்பதில்லை. இதனால் விளைச்சல் பாதிக்கப்படும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஆதாரம் உண்டா, அம்மாவோ ஐயாவோ யார் பதில் எழுதினாலும் சரி?

பதில்: வலுவான ஆதாரம் உண்டு. புர்கினா பாசோவில் கணவனும் மனைவியும் தனித்தனி நிலத்துண்டுகளில் பயிரிடுவது வழக்கம். ஒரே குடும்பத்தில், ஒரே ஆண்டில், ஒரே பயிரை விளைவித்த துண்டுகளை ஒப்பிட்டு 1996-இல் வெளியான ஆய்வு, பெண்களின் துண்டுகளில் மகசூல் தெளிவாகக் குறைவு என்று கண்டது. திறமையில் குறையில்லை, எருவும் வெளியாள் உழைப்பும் ஆண்களின் துண்டுகளுக்கே போய்க்கொண்டிருந்தன. அந்த எருவில் ஒரு பகுதி பெண்களின் துண்டுக்கு வந்திருந்தாலே குடும்பத்தின் மொத்த விளைச்சல் கூடியிருக்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2011-இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்களுக்குக் கிடைக்கும் இடுபொருள்களும் வசதிகளும் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்களுடைய பண்ணைகளில் மகசூல் 20 முதல் 30 சதவீதம் வரை உயரும் என்று மதிப்பிட்டது.

முகாம் நடத்துவோரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். நடக்கும் நேரத்தையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சமையல், தண்ணீர், கால்நடை வேலைகள் குவியும் காலை நேரத்தில் முகாம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று எழுதுவது சரியல்ல. நிலப் பட்டாவில் பெயர் இல்லாததால் கடன் மறுக்கப்படும் பெண்கள் ஏராளம். பயிரிடுபவர் என்ற சான்றையே ஏற்கும் கடன் ஏற்பாடு இல்லாதவரை, பயிற்சி மட்டும் பெரிதாகப் பயன் தராது.

கேள்வி: எனக்கு ஒரே ஏக்கர்தான், மானாவாரி. எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் இதை வைத்தே குடும்பத்தை நடத்திவிட முடியுமா? என் மகன் வெளி வேலைக்குப் போக நினைக்கிறான், தடுக்கலாமா?

பதில்: தானியம் மட்டும் விளையும் ஒரு ஏக்கர் மானாவாரி நிலம், மகசூல் இரட்டிப்பானாலும் ஒரு குடும்பத்தின் எல்லாச் செலவுகளையும் தாங்காது. இதை உங்களிடம் மறைப்பது நியாயமாக இருக்காது. இந்தியாவில் 2000-இல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டத்தின் விளைவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, சாலை வந்த ஊர்களில் விவசாய வருமானம் பெரிதாக மாறவில்லை என்றும், ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளி வேலைகளுக்குப் போவதுதான் தெளிவாகத் தெரிந்த மாற்றம் என்றும் சொல்கிறது. பலர் இதைத் தோல்வியாகப் படித்தார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வெளியே வேலை கிடைத்தால் போகத் தயாராக இருந்தவர்களுக்கு வழி திறந்தது.

மகனைத் தடுக்காதீர்கள். அவர் மாதந்தோறும் அனுப்பும் பணம் சிறிதாக இருந்தாலும், அறுவடை அன்றே விற்க வேண்டிய நெருக்கடியிலிருந்து உங்களை அது விடுவிக்கும். மழை பொய்த்த ஆண்டில் மாட்டை விற்காமல் காப்பாற்றும். அந்தத் துணை இருந்தால், நிலத்தில் ஒரு பகுதியில் வீட்டுக்கான தானியத்தை வைத்துக்கொண்டு, மீதியில் கூடுதல் விலை போகும் பயிரையோ தீவனத்தையோ முயன்று பார்க்கலாம். தீவனம் விளைந்தால் கறவை மாடு ஒன்று வைத்துக்கொள்ளலாம், எருவும் கிடைக்கும். நிலத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். வெளி வேலை நிலையில்லாதது; அது போகும் நாளில் மகன் திரும்பி வருவதற்கு அந்த ஒரு ஏக்கர் இருக்க வேண்டும்.